மருந்துக்கு அடங்காத கிருமிகள்



சேலம் மாவட்டத்திலும், பின்னர் 1997-இல் அதனின்று பிரிந்து தனியே இயங்கத் தொடங்கிய நாமக்கல் மாவட்டத்திலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். அறிவியல் பாடம் நடத்தியவன். ஆயினும் இன்று உங்கள்முன் நான் பேச வந்திருப்பது, நான் நன்கு செய்த ஒன்றைப் பற்றி அன்று. தவறாகச் செய்த ஒன்றைப் பற்றியேயாகும்.

என் மேசையின் இழுப்பறையில் ஒரு சிறிய தகரப் பெட்டி இருக்கும். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்து மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். மிஞ்சியவை அந்தப் பெட்டிக்கு வந்து சேரும். பள்ளியில் ஒரு பையன் தொண்டை கட்டியோ மூக்கு ஒழுகியோ வந்து நின்றால், அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பேன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவன் நலமாகி வருவான். சளி தானாகவே தீரக்கூடியது என்பதை அறிந்திருந்தும், அந்தப் பெருமையை நான் என் பெட்டிக்கே சேர்த்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் உதவி செய்கிறோம் என்றே எண்ணியிருந்தேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு கோடைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் கண்டன. மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் உட்கொண்டும் பயனில்லை. வேறொன்று கொடுத்தார், அதற்கும் நோய் மசியவில்லை. பின்னர் சிறுநீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, அதிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மடிகிறது என்று சோதித்தார்கள். முடிவைத் தாங்கிய தாள் வந்தது. மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எழுத்து. மருந்து பலிக்கும் என்றால் 'எஸ்'; கிருமி எதிர்த்து நிற்கும் என்றால் 'ஆர்'. எத்தனையோ தேர்வுப் பட்டியல்களைப் பார்த்தவன் நான். அத்தனை தோல்விகள் நிறைந்த பட்டியலை அன்றுதான் கண்டேன். என் பெட்டியில் கிடந்த மருந்துகளின் பெயர்கள் அனைத்தும் அதில் இருந்தன. அனைத்திற்கும் எதிரே 'ஆர்' என்றே இருந்தது. மருத்துவமனையில் பத்து நாள் தங்கி, நரம்பின் வழியே விலையுயர்ந்த மருந்தைச் செலுத்திய பிறகே அவர் பிழைத்தெழுந்தார்.

அந்த அனுபவம் என்னை மீண்டும் மாணவனாக்கியது. அப்போது படித்தறிந்தவற்றை உங்களுக்குக் கூறுகிறேன்.

ஆன்டிபயாடிக் என்று மருந்துக்கடைகளில் வழங்கும் மருந்தைத் தமிழில் நுண்ணுயிர்க்கொல்லி என்கிறோம். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களைக் கொல்வது, அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பது இதன் தொழில். 1928-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங், ஒரு பூசணம் தன்னைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களை அழிப்பதைக் கண்டார். அப்பூசணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோர் அதனை மருந்தாக்கினர். 1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசைப் பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு கணவன் தொண்டைப் புண்ணுக்குத் தானாகவே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் சாகவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவனிடமிருந்து அவை அவன் மனைவியைத் தொற்றுகின்றன. அவளுக்குப் பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். அவர் கற்பனையாகக் கூறிய இக்கதையைப் படித்தபோது, நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். என் மனைவிக்கு வந்த கிருமி என் பெட்டியினால்தான் விளைந்தது என்று எவரும் மெய்ப்பிக்க முடியாது. அன்று என்று மறுக்கவும் என்னால் முடியாது.

இனி, கிருமி மருந்தை எதிர்க்கக் கற்பது எங்ஙனம் என்று பார்ப்போம். "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று மக்கள் சொல்வதுண்டு. அது பிழை. மாறுவது உடம்பு அன்று, கிருமியே மாறுகிறது. அதுவும், ஒவ்வொரு கிருமியும் முயன்று பயின்று மாறுவதில்லை.

நம் பக்கத்து மானாவாரிச் சோளக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் காடு முழுவதும் கருகிவிடுகிறது. ஆனால் ஆங்காங்கே ஓரிரு பயிர், தன் பிறவி இயல்பினால் வறட்சியைத் தாங்கி நிற்கிறது. அதன் விதையையே மறு ஆண்டு விதைத்தால் வறட்சி தாங்கும் பயிரே மிகுகிறது. பயிருக்கு வறட்சி எதுவோ, கிருமிக்கு மருந்து அது. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ ஒன்று, மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால் மருந்தைத் தாங்குகிறது. மற்றவை மடிகின்றன. இடமும் உணவும் பிழைத்த ஒன்றுக்கே உரியனவாகின்றன.

ஒன்றுதானே என்று இகழவேண்டா. குடலில் வாழும் இ.கோலை என்னும் பாக்டீரியம், ஏற்ற சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கக்கூடியது. ஒரு மணிக்கு மூன்று முறை. பத்து மணி நேரத்தில் முப்பது முறை. ஒன்றை முப்பது முறை இரட்டித்துப் பாருங்கள். 107 கோடிக்கு மேல் வரும். காலைக்கும் மாலைக்கும் இடையில் நூறு கோடியைத் தாண்டும் ஒரு கூட்டம்!

எதிர்க்கும் வழிகளும் பல. சில கிருமிகள் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் அத்தகைய நொதியை ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர்கள் 1940-லேயே கண்டு அறிவித்தார்கள். அம்மருந்து மக்களுக்குப் பரவலாகக் கிட்டுவதற்கு முன்பே என்பதைக் கவனியுங்கள். வேறு சில கிருமிகள் உள்ளே புகுந்த மருந்தை, கிணற்று நீரை இறைப்பதுபோல் வெளியே இறைத்துவிடுகின்றன. இன்னும் சில, மருந்து வந்து தாக்கும் தம் உறுப்பின் வடிவையே மாற்றிக்கொள்கின்றன.

இத்துடன் நின்றால் கவலை பாதிதான். தேர்வு அறையில் ஒருவன் விடையைத் துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்து இருக்கைக்காரனுக்குக் கொடுப்பதுண்டல்லவா? கிருமிகளும் அதனையே செய்கின்றன. எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அமைந்துள்ளன. ஒரு பாக்டீரியம் மற்றொன்றைத் தொட்டு அதன் படியைக் கொடுத்துவிடும். பெறுவது அதன் குலத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் நான்கு வகை மருந்துகளை ஒருங்கே எதிர்த்தன. குடலில் தீங்கின்றி வாழும் இ.கோலையிடமிருந்தும் இவ்வாற்றல் சீதபேதிக் கிருமிக்குக் கைமாறக்கூடும் என்பதை 1959-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

என் தகரப் பெட்டியின் குற்றம் இப்போது உங்களுக்கு விளங்கும். சளியைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் வைரஸ். நுண்ணுயிர்க்கொல்லி அதனை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பையனின் குடலில் வாழ்ந்த நல்ல பாக்டீரியாக்களுள் எளியவற்றைக் கொன்று, எதிர்ப்பவற்றை மிச்சம் வைத்தது. துண்டுத்தாளை வைத்திருந்தவனுக்கு நானே வகுப்பைக் காலிசெய்து கொடுத்தேன்.

இனி நம் ஊர்க் கோழிகளுக்கு வருவோம். நாமக்கல்லைச் சுற்றிலும் நீண்ட கொட்டகைகளில், கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக முட்டைக்கோழிகள் வளர்வதைக் கண்டிருப்பீர்கள். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை இவ்வட்டாரம் அளிக்கிறது. உங்களுள் பலர் பள்ளியில் உண்ட சத்துணவு முட்டை இங்கிருந்து வந்ததே. இத்தொழிலால் எத்தனையோ குடும்பங்கள் கரையேறின. என் மாணவர் பலர் கல்லூரி கண்டதும் இதனால்தான்.

ஆயிரக்கணக்கான உயிர்கள் நெருங்கி வாழுமிடத்தில் நோய் விரைந்து பரவும். அதற்கு மருந்து கொடுப்பது முறையே. ஆனால் நோயில்லாத போதும் மருந்து கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் எழுந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை கூடுவதைக் கண்டார்கள். அதுமுதல், சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலப்பது வாணிகமாயிற்று. போதாத அளவு, நீண்ட காலம், எண்ணற்ற உயிர்களுக்கு! பிளெமிங் அஞ்சிய அதே நிலை. சுவீடன் 1986-இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-இலும், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதைத் தடைசெய்தன.

என் பழைய மாணவர் ஒருவர் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறார். இதைப்பற்றி அவரைக் கேட்டேன். "ஐயா, குஞ்சுப் பருவத்தில் ஒரு பொடி கலப்போமுங்க. வளர்ச்சிக்கு நல்லது என்றார்கள். அதன் பெயரைக்கூட நான் கேட்டதில்லைங்க" என்றார். அவர்மீது சினம் கொள்ள எனக்கு ஏது தகுதி? பெயர் கேளாமல் இரண்டு மாத்திரை விழுங்கும் பழக்கத்தை அவருக்குப் பள்ளியிலேயே கற்பித்தவன் நானல்லவா?

கோழியின் குடலில் பிழைத்த கிருமி அங்கேயே தங்கிவிடுவதில்லை. எச்சத்தில் வெளிவருகிறது. எச்சம் எருவாகிக் காட்டுக்குப் போகிறது. மழையில் கரைந்து குட்டைக்கும் கிணற்றுக்கும் போகிறது. கூண்டைத் துப்புரவு செய்பவரின் கையிலும், இறைச்சி அறுக்கும் பலகையிலும் ஒட்டுகிறது. பஞ்சாப் மாநிலத்தில் 18 கோழிப்பண்ணைகளில் நடத்திய ஆய்வொன்று 2017-இல் வெளியாயிற்று. அங்குக் கண்ட இ.கோலைக் கிருமிகளுள் பல மருந்துகளை எதிர்ப்பவை, கறிக்கோழிப் பண்ணைகளில் நூற்றுக்கு 94. முட்டைக்கோழிப் பண்ணைகளில் நூற்றுக்கு 60.

கொலிஸ்டின் என்னும் ஒரு மருந்தின் வரலாறு இவை அனைத்தையும் ஒருங்கே காட்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து, 1940-களின் இறுதியில் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது அது. சிறுநீரகத்திற்கு ஊறு செய்கிறது என்பதால், வேறு நல்ல மருந்துகள் வந்தபின் மருத்துவர்கள் அதனை ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் கால்நடைத் தீவனத்தில் அது புகுந்துகொண்டது.

2010-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக அமைந்த ஓர் ஆய்வுக்கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. என்.டி.எம்.-1 என்னும் நொதியைச் சுரக்கும் கிருமிகளைப் பற்றியது அது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 எனவும், இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனவும் அவை கண்டெடுக்கப்பட்டன. மருத்துவமனைகளின் வலிய ஆயுதமான கார்பபெனம் மருந்துகளையே அவை முறியடித்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு எஞ்சிய மருந்துகள் டைகிசைக்ளினும், ஒதுக்கி வைத்திருந்த கொலிஸ்டினுமே. பரண்மேல் போட்ட பழைய வாளை மீண்டும் எடுக்கவேண்டி வந்தது.

எடுத்துப் பார்த்தால் அதன் முனையும் மழுங்கத் தொடங்கியிருந்தது. கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறி, கிருமிவிட்டுக் கிருமி தாவுகிறது என்று 2015 நவம்பரில் சீன அறிஞர்கள் அறிவித்தார்கள். பன்றியிலும், கடையில் விற்ற இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளியிடமும் அதனை அவர்கள் கண்டார்கள். துண்டுத்தாள் பண்ணையிலிருந்து மருத்துவமனை வரை வந்துவிட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றிற்கும் தீவனத்திற்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. என் மாணவரும் தம் தீவனப் பொடியின் பெயரைக் கேட்கத் தொடங்கினார்.

குற்றத்தைக் கோழியின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. மருத்துவர் சீட்டின்றி மருந்து கேட்பவர்கள் நாம், கொடுப்பவர்களும் நம்மவர்களே. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, இதனைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. அது 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர் பெற்றது. 2014 மார்ச் முதல், எச்-1 என்னும் அட்டவணையில் அடங்கிய மருந்துகளை விற்போர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் ஏட்டில் பதிந்து மூன்றாண்டு காக்கவேண்டும் என்பது சட்டம். சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்தின் உறையில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அடுத்த முறை மருந்தட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தோர் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஆய்வாளர் பலர் கூடி மதிப்பிட்டுள்ளனர்.

"அப்படியானால் முட்டை உண்ணலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். தாராளமாக உண்ணலாம். நன்கு வெந்த முட்டையிலும் இறைச்சியிலும் பாக்டீரியா பிழைப்பதில்லை. பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே மற்றவற்றைத் தொடுங்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சொல். கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் நோய் வைரஸினால் வருவது. அதற்குத் தடுப்பூசியே காப்பு, நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. தூய குடிநீர், நெருக்கமில்லாத கூண்டு, வாயிலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி, காலம் தவறாத தடுப்பூசி ஆகிய இவை இருக்குமிடத்தில் மருந்தின் தேவை பெரிதும் குறைகிறது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோய்க்கு மருந்து கொடுக்க நேர்ந்தால், அம்மருந்துக்கு விதித்த நாட்கள் கழியும்வரை முட்டையையோ இறைச்சியையோ விற்கலாகாது.

மனிதருக்கான விதிகள் இன்னும் எளியவை. சளிக்கு நுண்ணுயிர்க்கொல்லி கேளாதீர்கள். மருத்துவர் கொடுத்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. மிச்சத்தைச் சேர்த்து வைக்காதீர்கள்; பிறருக்குக் கொடுக்காதீர்கள். கை கழுவுங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வராத நோய்க்கு மருந்து வேண்டாவல்லவா?

நம் ஊர்களில் ஏரிப் பாசனத்திற்கு முறைத்தண்ணீர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மதகைத் திறக்கவும் அடைக்கவும் நாளும் நாழிகையும் வகுத்திருப்பார்கள். என் வயல், என் மண்வெட்டி என்று ஒருவர் இரவில் மதகைத் திறந்துவிட்டால், காய்வது கடைமடைக்காரரின் பயிர். மருந்தும் அத்தகையதே. விலை கொடுத்து வாங்கிய மாத்திரை நம்முடையது. அதன் ஆற்றலோ ஊருக்கெல்லாம் பொது. காரணமின்றி அதனைச் செலவழித்தால், எங்கோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில், பிறந்து பத்து நாளான ஒரு குழந்தைக்கு அது பலிக்காமல் போகும்.

என் தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. மாத்திரைகளை அகற்றிவிட்டேன். மனைவியின் ஆய்வுத்தாளை மடித்து அதனுள் வைத்திருக்கிறேன். என்னைக் காண வரும் பழைய மாணவர்களுக்கு அதனைப் பிரித்துக் காட்டுகிறேன். அவர்களுள் சிலர், ஒரு காலத்தில் அப்பெட்டியிலிருந்து மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள். அவர்களிடம் நேரில் சொன்னதையே இன்று வானொலி வாயிலாக உங்களுக்கும் சொன்னேன்.